நூல் கடிக்கும் இடம்

மாமியார் இறந்துபோன சேதி வந்தபோது மேனேஜரம்மா சிவப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

மேனேஜரம்மா என்றதும் ஏதோ பெரிய ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். புருஷன் கிளாரினெட் வாசிக்கிறவர். அவருக்கு வருகிற போனை எடுப்பது, காலண்டரில் தேதி குறிப்பது, எந்த வேலைக்கு எந்தக் கோட்டு என்று எடுத்து வைப்பது எல்லாம் இவள். இந்த ஊருக்கு வந்த புதிதில் யாரோ ஒருத்தன் கல்யாணத்துக்கு வாசிக்கக் கூப்பிட, "என் மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்று அவர் கெத்தாகச் சொல்லிவிட்டு இவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்றைக்கு ஒட்டிய பேர். இருபத்தாறு வருஷமாகச் சம்பளமில்லாத உத்தியோகம், லீவும் கிடையாது.

வாசலை ஒட்டின சுவரில் நாலு ஆணி. தங்கப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டு கல்யாண ஊர்வலத்துக்கு. வெள்ளைக் கோட்டு ஓட்டலுக்கு. பணக்காரர்கள் டீ குடிக்கிற நேரத்தில் மூலையில் நின்று யாரையும் தொந்தரவு பண்ணாமல் வாசிக்கிற வேலை அது. கறுப்பு, சாவுக்கும் தேவாலயத்துக்கும். நாலாவது ஆணியில் தொங்குவது கோட்டே இல்லை, ஒரு பூப்போட்ட சட்டை. கடைத்தெருவில் தரைக்குக் கீழே ஒரு கிளப் இருக்கிறது. அங்கே கசங்கின சட்டையோடு போனால்தான் கலைஞன் என்று மதிப்பார்களாம். கசக்கிக் கொடுப்பதும் மேனேஜரம்மாதான்.

ஆடற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பதுதான் அவருடைய தொழில் ரகசியம். இவர்களைப் போலவே ஏழெட்டு தேசத்துச் சனங்கள் பிழைக்க வந்து குடியேறின ஊர் அது. சட்டி பானை, சாமி படம், பாட்டு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் வாத்தியக்காரனை மட்டும் கொண்டுவர மறந்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் இவர் நுழைந்தார். யார் வீட்டு விசேஷமானாலும் முதல் நாளே போய், அந்த வீட்டில் வயசான ஆளாகப் பார்த்து, "ஒரு தடவை முனகிக் காட்டுங்க, போதும்" என்பார். ஒரே தடவைதான். மறுநாள் அதை அவர் திருப்பி வாசிக்கும்போது முனகினவருக்கே கண் நிறைந்துவிடும். "இவர் எங்க ஆளு" என்று எல்லாச் சனமும் சொந்தம் கொண்டாடியது. சர்க்கஸில் வாசித்தார், குழந்தைகள் நாட்டியம் பழகுகிற பள்ளிக்கூடத்தில் வாசித்தார், சோப்பு விளம்பரத்துக்கு வாசித்தார். அவருடைய பேர் போட்டு ஒரு நோட்டீஸ்கூட எங்கேயும் ஒட்டினதில்லை. அதைப் பற்றி மேனேஜரம்மாவுக்கு இருந்த வருத்தம் அவருக்கு இருந்ததில்லை.

காலை எட்டு மணி. போனில் தங்கச்சி. சொந்த ஊரில் அம்மாவோடு இருந்தவள் அவள்தான்.

"அண்ணே, அம்மா போயிட்டாண்ணே."

 அவர் போனை மேசையில் வைத்து, சத்தம் வெளியே கேட்கிற பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தார். மேனேஜரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவளுக்குத்தான் முதலில் அழுகை வந்தது.

"விடிகாலைல. தண்ணி கேட்டா, குடுத்தேன், குடிச்சா. அவ்வளவுதான். அண்ணி, அழாதீங்க. நாளைக்கு எடுக்கறோம். மூணு விமானம் மாறி நீங்க வந்து சேர ரெண்டு நாள் ஆகும். இங்க மழை கொட்டுது, வெச்சிருக்க முடியாது."

"சரிம்மா" என்றார் அவர்.

"நாலு வருஷமா வர்றேன் வர்றேன்னு சொன்ன. அது போகட்டும். நாளைக்கு உங்க கணக்குல காலைல பத்து மணிக்கு எடுக்கறோம். நான் போன அம்மா காதுகிட்ட வெக்கறேன். நீ அம்மா மெட்ட வாசி. ஊருக்கெல்லாம் வாசிக்கற பிள்ளைன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவா. அவளுக்கு ஒரு தடவை வாசி."

அம்மா மெட்டு என்றால் அது வார்த்தை இல்லாத முனகல். மாமியார் தையல்காரி. மிதிக்கிற மிஷின். கால் மிதிக்க மிதிக்க, தையல் ஓட ஓட, மூடின வாய்க்குள்ளே ஒரு மெட்டு ஏறிக்கொண்டே போகும். தையல் முடிந்ததும் சட்டென்று நிற்கும். குனிந்து பல்லால் நூலைக் கடிப்பாள். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, எங்கோ கீழேயிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். கல்யாணமாகி எட்டு மாசம் மேனேஜரம்மா அந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டுதான் காய் நறுக்கினாள்.

அவர் பெட்டியைத் திறந்து, ஐந்து துண்டாகக் கிடந்த கிளாரினெட்டைப் பூட்டி, ஊதுகிற முனையிலுள்ள ரீடை நாக்கில் நனைத்து வாசித்துக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, அழகாக. மேனேஜரம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"கேட்டியாம்மா?"

"கேட்டேண்ணே. நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா இது அம்மா இல்ல."

"என்ன சொல்ற?"

"நூல் கடிக்கற இடம் எங்க? நீ நிக்கவே இல்லையே. மிஷின் பாட்டுக்கு பஸ்ஸு மாதிரி போய்க்கிட்டே இருக்கு. ஏதோ பெரிய மனுஷன் சாவுக்கு வாசிக்கற மாதிரி இருக்கு."

"எங்க, நீ ஒருதரம் முனகிக் காட்டு."

"நானா? நான் பாடினா அம்மாவே எந்திரிச்சு வந்து என் வாயப் பொத்துவா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "அந்த இடத்துல நிக்கணும்ணே. அது மட்டும் எனக்குத் தெரியும். நிறுத்திட்டு அப்புறம் எப்படி எடுப்பான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நீதான வித்வான்."

போனை வைத்தபிறகு அவர் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தார். மேலே போகும், நிற்க வேண்டிய இடம் வரும், விரல் நிற்காமல் ஒரு வளைவு வளைந்து, ஒரு குழைவு குழைந்து தாண்டிப் போய்விடும். வலுக்கட்டாயமாக நிறுத்தினால் அதற்கப்புறம் எந்தச் சுரத்தில் எடுப்பது என்று தெரியவில்லை. ஏழெட்டு மாதிரி எடுத்துப் பார்த்தார். ஒன்று கல்யாண வீடாகிவிட்டது, ஒன்று ஓட்டலாகிவிட்டது.

"உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று பெண்டாட்டியைக் கேட்டார்.

அவள் யோசித்தாள். வாயைத் திறந்தால் இவர் வாசிக்கிறதுதான் வந்தது. எட்டு மாசம் கேட்டதன் மேல் இருபத்தாறு வருஷம் கேட்டது ஏறி உட்கார்ந்துவிட்டது. "இல்லீங்களே" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பதினோரு மணிக்கு அவர் எழுந்து சிவப்புக் கோட்டை எடுத்தார்.

"இன்னிக்குமா?" என்றாள் மேனேஜரம்மா. "வேற யாரையாவது அனுப்புங்க. பெத்தவ அங்க கிடக்கா, நீங்க பொத்தான் மின்ன ஊர்வலம் போறீங்களா?"

"காலைல சொன்னா யாரு கிடைப்பா? அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் இன்னிக்குத்தானே. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் முணுமுணுத்துக்கொண்டே தங்கப் பொத்தான் ஆறையும் போட்டுவிட்டாள். மாடிப்படி இறங்குகிறவரை ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே குளிர்காற்று. கழுத்துத் துணியை மறந்துவிட்டுப் போகிறார். கூப்பிட்டுக் கொடுக்கத் தோன்றாமல் நின்றுவிட்டாள்.

மூன்று மணிக்கு மேல் டிரம்ஸ்காரனோடு திரும்பி வந்தார். டிரம்ஸ்காரன் வேறு தேசத்து ஆள். இருபது வருஷமாக இவரோடு மேடையில் பக்கத்தில் நிற்கிறவன். பேசிக்கொண்டதெல்லாம் இந்த ஊர்ப் பாஷை, நாம் நம் பாஷையிலேயே கேட்டுக்கொள்வோம். கையில் ஒரு பை ஆரஞ்சு. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறான், பாவம்.

"மேனேஜர், இந்த ஆளு மனுஷனே இல்ல. அம்மா செத்தத ஊர்வலம் முடிஞ்சு நான் டிரம்ஸக் கழட்டறப்பதான் சொல்றான். அதுவரைக்கும் என்னமா வாசிச்சான் தெரியுமா? மாப்பிள்ளையோட தாத்தா எந்திரிச்சு ஆடறாரு."

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் அம்மா மெட்டைப் பற்றிச் சொன்னார். "நீயும் கேளு. எங்க தப்புன்னு உன் காதுக்குத் தெரியுதா பாரு" என்று வாசித்தார்.

டிரம்ஸ்காரன் டம்ளரைக் கீழே வைத்தான். "என்னப்பா விளையாடறியா? இது எங்க சனங்களோட சாவு மெட்டாச்சே. எங்க பெரியப்பாவுக்கு நீதான வாசிச்ச? இப்ப என் அண்ணி புள்ளையத் தூங்க வைக்கறதே இத முனகித்தான்."

மேனேஜரம்மா அடுப்பை அணைத்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் போன போக்கே சரியில்லை.

"என்னங்க இது?"

அவர் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டார். "சில வீட்டுல முனகிக் காட்ட ஆளே இருக்காது. செத்தவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்னு கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. அப்படி ஒரு மனுஷனச் சும்மா அனுப்ப மனசு வராது. அம்மாவோடத வாசிச்சுடுவேன்."

"எத்தனை பேருக்கு?"

"எண்ணிப் பாக்கல. நூறு இருக்கும்."

"நூறா!"

"இங்க பாரு, மொதல்ல எல்லாம் அவ மாதிரியேதான் நிறுத்தி வாசிச்சேன். ஒரு வீட்டுல நான் நிறுத்தினதும் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுப் பெட்டியத் தூக்கிட்டாங்க. பாதி மெட்டோட அந்த ஆளு போயிட்டாரு. எனக்கு மூணு நாள் சோறு இறங்கல. அதுக்கப்புறம்தான் அந்த இடத்துல கொஞ்சம் குழைச்சு நிரப்பிட்டேன். அதுவே கைக்குப் பழகிப் போச்சு."

மேனேஜரம்மாவுக்கு வந்ததே கோபம். "ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு வாரி விடறவங்களப் பாத்திருக்கேன். தன் வீட்டு நெய்ய ஊர்பூரா ஊத்திட்டு, பெத்தவளுக்கு ஒரு சொட்டு இல்லாம நிக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். நாளைக்குப் பத்து மணிக்கு என்ன பண்ணுவீங்க? ஓட்டல் பாட்ட வாசிப்பீங்களா?"

"திட்டு. நல்லாத் திட்டு" என்றார் அவர். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்தைந்து வயசு மனுஷன், தங்கப் பொத்தான் கோட்டோடு, டிரம்ஸ்காரன் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். டிரம்ஸ்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ஆரஞ்சை உரித்தான்.

அவள் சமையல்கட்டுக்குள் போய் இரண்டு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். மூன்றாவது பாத்திரத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். நிரப்பினது அப்புறம்தான். அதற்கு முன்னால் கேட்டவர்கள்?

"ஏங்க, மொத மொதல்ல யாருக்கு வாசிச்சீங்க?"

"ரொட்டிக்கடைக்காரருக்கு. நாம வந்த ரெண்டாம் வருஷம்."

"நிறுத்தி வாசிச்சீங்களா?"

"நிறுத்தித்தான் வாசிச்சேன்."

அவள் செருப்பை மாட்டினாள். ரொட்டிக்கடை மூன்று தெரு தள்ளி. ரொட்டிக்கடைக்காரம்மா இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், புருஷன் போன பிறகு தனி ஆளாகக் கடையை நடத்துகிறாள். ஆனால் மேனேஜரம்மா அந்தப் படி மிதித்து மூன்று வருஷம் ஆகிறது. அடி தீய்ந்த ஒரு ரொட்டியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள். அது தீய்ச்சல் இல்லை, அதுதான் பதம் என்றாள் அவள். வார்த்தை தடித்து, "இனி உன் கடைல வாங்கினா ஏன்னு கேளு" என்று இவள் வந்துவிட்டாள். காரியம் பெரிதா வீரியம் பெரிதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ரொட்டிக்கடைக்காரம்மா மறுநாளைக்கான மாவைத் தொட்டியில் பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி மாவுக்கே குனிந்துகொண்டாள். மேனேஜரம்மா நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் போனது, நாளைக்குப் பத்து மணி, மெட்டு.

ரொட்டிக்கடைக்காரம்மா கையை மாவிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டாள். "உக்காரு" என்றாள்.

"ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"அத எப்படி மறப்பேன்? எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டே பிடிக்காது. அந்த மனுஷன் காதுல விழுந்த ஒரே பாட்டு அதுதான். வாசிச்சுக்கிட்டே வந்து நடுவுல நின்னுட்டாரு உன் புருஷன். நான் தலை தூக்கிப் பாக்கறேன், கண்ண மூடிக்கிட்டு நிக்கறாரு. அழறாருன்னு புரிஞ்சுது. என் கூடப் பொறந்தவங்க ஒருத்தரும் அன்னிக்கு அழல. முன்னபின்ன தெரியாத ஒருத்தர் என் புருஷனுக்காக அழறாரேன்னு நெனச்சேன். அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் மூடின கடைய மறுபடி திறந்தேன், தெரிஞ்சுக்கோ."

அது அழுகை இல்லை, நூல் கடிக்கிற இடம் என்று மேனேஜரம்மாவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். இருபத்துநாலு வருஷம் ஒருத்தியைத் தாங்கின விஷயத்தைப் பிடுங்குவதற்கு இவள் யார்?

"அக்கா, கொஞ்சம் முனகிக் காட்டுங்களேன்."

ரொட்டிக்கடைக்காரம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். "வர மாட்டேங்குதே. மாவ உருட்டறப்ப தானா வரும். தினம் வருது, கடைப்பொண்ணுங்க கேலி பண்ணுவாங்க. பாடுன்னா எனக்கு எங்க வருது? காலைல ஒன்பது மணிக்கு ரெண்டாவது ஈடு உருட்டுவேன். அவரக் கூட்டிக்கிட்டு வா."

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே புருஷனும் பெண்டாட்டியும் ரொட்டிக்கடை உள்ளறையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கோட்டு. கிளாரினெட் பூட்டித் தயாராக அவர் மடியில். அடுப்பு வெக்கையில் கோட்டுக்குள் வியர்த்தது. ரொட்டிக்கடைக்காரம்மா மாவைக் கிள்ளினாள், உருட்டினாள், தட்டில் அடுக்கினாள். வாய் திறக்கவில்லை.

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தா எப்படி வரும்?" என்றாள்.

இரண்டு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். ஒரு தட்டு நிறைந்தது. இரண்டாவது தட்டு நிறைந்தது. மாவு தட்டுகிற சத்தம் மட்டும்தான். ஒன்பதேகால். தொட்டியில் மாவு அரைவாசிக்குக் கீழே போய்விட்டது. அதுவும் தீர்ந்தால் நாளைக்குத்தான் அடுத்த மாவு.

மேனேஜரம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "என்ன இருந்தாலும் அன்னிக்கு ரொட்டி அடி தீஞ்சுதான் இருந்துச்சு."

அவர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

"என்ன சொன்ன?" என்றாள் ரொட்டிக்கடைக்காரம்மா.

"கரி. தொட்டா கையில ஒட்டுச்சு. வாயில வைக்க முடியல."

"தீஞ்சுதா? முப்பது வருஷமா ரொட்டி சுடறேன், எனக்கு வந்து சொல்றியா? இழவு வீட்டுக்காரியாச்சேன்னு பாக்கறேன், இல்லன்னா மூட்டையோட தூக்கி வெளிய போட்டிருப்பேன்! கரியாம் கரி! அது பதம்டி, பதம்!" மாவை எடுத்துப் பலகையில் அறைந்தாள். "பல்லுக்கு மெத்து மெத்துன்னு கேக்கறவளுக்கு ரொட்டி எதுக்கு? பஞ்ச வாங்கித் தின்ன வேண்டியதுதான!" இன்னொரு அறை. அப்புறம் பேச்சு நின்று, மூச்சு இரைந்து, கை மட்டும் மாவை அழுத்தி அழுத்தி உருட்டியது. கோபத்தோடேயே, தன்னை அறியாமல், மூக்கு வழியாக ஒரு முனகல் கிளம்பியது.

மேனேஜரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதேதான். காய் நறுக்கிக்கொண்டு கேட்டது. ஏறியது, ஏறியது, சட்டென்று நின்றது. ரொட்டிக்கடைக்காரம்மாவின் கையும் மாவின் மேல் நின்றது. தலை லேசாகக் குனிந்தது. பிறகு வெகு கீழேயிருந்து, யாரோ படி இறங்கி வந்து கதவைத் திறந்த மாதிரி, மறுபடி ஆரம்பித்தது. மேனேஜரம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விரல்கள் கிளாரினெட்டின் மேல் சத்தமில்லாமல் அமுங்கிக்கொண்டிருந்தன. "இதுதான்" என்றார் வாய்க்குள். "இவ்வளவு கீழயா வந்தா எங்கம்மா?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஒன்பதரைகூட ஆகவில்லை.

"அண்ணே, வானம் இருட்டிக்கிட்டு வருது. மழைக்கு முன்னாடி எடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நிக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நான் அம்மாகிட்ட வந்துட்டேன். போன் காதுகிட்ட இருக்கு. வாசி."

"ஒரே ஒரு தடவைதானே கேட்டீங்க" என்றாள் மேனேஜரம்மா.

"போதும்" என்றார் அவர்.

எழுந்து நின்றார். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்து அவருக்கு முன்னால் நீட்டினாள். வாசித்தார். குழைவு இல்லை, வளைவு இல்லை, வித்வான் வேலை ஒன்றும் இல்லை. மிஷினை மிதிக்கிற ஒருத்தி வேலையில் கண்ணாக முனகுகிற மெட்டு. ஏறிக்கொண்டே போனது. ரொட்டிக்கடைக்காரம்மா மாவுக் கையோடு அடுப்புப் பக்கத்தில் நின்றாள்.

அந்த இடம் வந்தது. நிறுத்தினார்.

ரொட்டிக்கடைக்காரம்மா தலை குனிந்தாள். போனில் மழையோ ஆட்களின் காலடியோ, ஏதோ ஒரு இரைச்சல். முடிந்துவிட்டது என்று தூக்கிவிடுவார்களோ என்று மேனேஜரம்மாவுக்குப் பயம் வந்தது. "வாசிங்க, வாசிங்க" என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"யாரும் தூக்காதீங்க, இன்னும் முடியல" என்று அங்கே யாரிடமோ தங்கச்சி அதட்டுவது கேட்டது. அப்புறம் அவள் குரல் போனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது.

"கடிச்சுட்டாண்ணே. நூலக் கடிச்சுட்டா. ம்... மேல தை."

அவர் கீழேயிருந்து எடுத்தார்.